முடிவுறாக் கதைகளும் மூடிய பேழைகளும்

கதை கேட்கும் விருப்பம் மக்கட்கு இயல்பாய் அமைந்தது. பாட்டியின் மடியிலும், ஊர் மன்றத்திலும், தெருக்கூத்தின் விளக்கொளியிலும் கதை கேட்டு வளர்ந்த மக்கள் இந்நாளிற் கையகலக் கண்ணாடியிற் கதை காண்கின்றனர். இடம் மாறிற்றேயன்றி ஆவல் மாறிற்றில்லை. ஆயின், அக்கதையைச் சொல்வோர் யாவர், என்ன பயன் கருதிச் சொல்கின்றனர், சொல்லிய கதையை எங்ஙனம் பேணுகின்றனர் என்னும் மூன்றையும் ஆராய்வோர் நம்மிற் சிலரே. உலகின் பெரும்பகுதிக்குக் கதை சமைத்தளிக்கும் ஹாலிவுட் படக் கம்பெனிகள், தொடர்ப்படங்களாலும் ஓடிடி என வழங்கும் இணையத் திரைச்சேவைகளாலும் தம்முள் நிகழ்த்திவரும் போட்டியை இம்மூன்று வினாக்களைக் கொண்டு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

பழைய வழக்கொன்று

இப்போட்டியின் வேரை அறிய வேண்டுவார் 1948-ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும். அந்நாளில் பாரமவுண்ட், எம்.ஜி.எம்.மை உடைய லோவ்ஸ், வார்னர், டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ், ஆர்.கே.ஓ. என்னும் ஐம்பெருங் கம்பெனிகள் படமெடுத்தலோடு அமைந்தாரல்லர். எடுத்த படத்தை ஊர்தோறும் அனுப்பும் வாணிகமும், அதனைக் காட்டும் கொட்டகைகளும் அவர்கள் கையிலேயே இருந்தன. பிறர்க்குரிய கொட்டகையார் நல்ல படமொன்றை வேண்டின், அதனோடு விலைபோகாத படங்கள் பலவற்றையும் கட்டாகவே கொள்ள நேரும். கூடையின் மேலே நல்ல மாம்பழத்தையும் அடியில் அழுகலையும் இட்டுக் கூடையோடு விற்கும் வாணிகத்தை இஃது ஒக்கும். அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றம் இம்முறைகள் நேரிய போட்டிக்கு மாறானவை என்று தீர்ப்பளித்தது. அதன் பயனாக ஐந்து கம்பெனிகளும் தம் கொட்டகைகளைப் பிரித்துவிட நேர்ந்தது. ஆக்குவோன் வேறு, காட்டுவோன் வேறு என்னும் பிரிவு இவ்வாறு உண்டாயிற்று. இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதற்கு மீளுவோம்.

பெயரை விற்கும் வாணிகம்

கொட்டகை கைவிட்டுப் போயபின், ஒவ்வொரு படமும் தன் ஆற்றலாலேயே கூட்டஞ் சேர்க்க வேண்டியதாயிற்று. தொலைக்காட்சியும் வீடுதோறும் புகுந்தது. பெருந்தொகை செலவிட்டு எடுத்த படம் ஒரு கிழமையில் வீழ்ந்துபடுதலும் உண்டு. இவ்விடரைக் குறைக்க முதலாளிகள் கண்ட வழி எளியது: மக்கள் முன்னரே அறிந்து விரும்பிய பெயரொன்றை மீண்டும் மீண்டும் விற்பதே அது. 1962-இல் முதற்படமாக வந்த ஜேம்ஸ் பாண்ட் வரிசை இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றது.

ஆயினும் இதன் முழு ஆற்றலையும் உலகிற்கு உணர்த்தியவர் ஜார்ஜ் லூகாஸ் என்னும் இயக்குநரே. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்குத் தம் ஊதியத்தை உயர்த்திக் கேளாது, தொடர்ப்படங்களின் உரிமையையும் பொம்மை முதலிய பண்டங்களின் உரிமையையும் அவர் தமக்கென வேண்டிப் பெற்றார். பாக்ஸ் கம்பெனியார் அவற்றைப் பெரிதாக எண்ணாது கொடுத்தனர். ஈந்தவர் இழந்ததும் பெற்றவர் ஈட்டியதும் அளவிறந்தன. அன்றுமுதல் படத்தினும் படத்தின் பெயரே பெருஞ்செல்வம் என்பதனை முதலாளிகள் நன்குணர்ந்தனர்.

மார்வெல் கம்பெனியின் வரலாறு இதனினும் வியப்புடையது. சித்திரக்கதைப் புத்தகங்கள் வெளியிட்டுவந்த அக்கம்பெனி 1996-ஆம் ஆண்டின் இறுதியிற் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் புகல் அடைந்தது. அதன் வீரர்களுட் புகழ்மிக்க 'எக்ஸ்-மென்' குழுவின் திரையுரிமை பாக்ஸுக்கும், 'ஸ்பைடர்-மேன்' உரிமை சோனிக்கும் போயின. எஞ்சிய வீரர்களை வைத்துக்கொண்டு 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தை அது தானே எடுத்தது. அதுமுதல் 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' ஈறாக இருபத்திரண்டு படங்கள் ஒரே கதையின் கண்ணிகளாய்க் கோக்கப்பட்டன. ஒரு படத்தின் கடையில் அடுத்த படத்தின் தலையைச் சிறிது காட்டி முடித்தல் அவர்கள் கையாண்ட உத்தி. இடையில் ஒன்றைக் காணாதவன் பின்னதை விளங்கிக்கொள்ளுதல் அரிது. ஆதலின் ஒன்றைக் கண்டவன் எல்லாவற்றையும் காண்பானாயினான். 'எண்ட்கேம்' ஒன்றே உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டிற்று.

இத்தகைய பெயர்களைத் தாமே உண்டாக்குதலினும் விலைக்கு வாங்குதல் எளிதெனக் கண்டவர் டிஸ்னி கம்பெனியார். 2006-இல் பிக்சார் நிலையத்தை 740 கோடி டாலருக்கும், 2009-இல் மார்வெலை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கும், 2012-இல் லூகாஸின் கம்பெனியை 405 கோடி டாலருக்கும் அவர்கள் வாங்க இசைந்தனர். 2019-இல் பாக்ஸின் பெரும்பகுதியையே 7,130 கோடி டாலர் கொடுத்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டனர். இக்கொள்முதலின் அலை நம் ஊரையும் தொட்டது. பாக்ஸின் உடைமைகளுள் ஸ்டார் நிறுவனமும் ஒன்று. ஆதலின், தமிழ் மக்கள் மாலைதோறும் காணும் விஜய் தொலைக்காட்சியும் அவ்வாண்டு டிஸ்னியின் கைப்பட்டது. பின்னர் 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ரிலையன்ஸோடு சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்குச் சென்றது. அமெரிக்காவில் இரு முதலாளிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நம் வீட்டு முற்றத்துக் கதைசொல்லிக்கு எசமானர் மாறினர். நாம் அதனை உணர்ந்தோமில்லை.

இப்போக்கின் முடிவு யாதாயிற்று? 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் மிகுபொருள் ஈட்டிய பத்துப் படங்களுள் ஒன்பது, முன்னைப் படங்களின் தொடர்ச்சியாகவோ முற்கதையாகவோ வந்தவை. எஞ்சிய 'விக்கெட்' என்பதும் மேடையிற் புகழ்பெற்ற இசைநாடகத்தின் திரைவடிவமே. திரைக்கென்றே புதிதாய்ப் புனைந்த கதை அப்பத்தனுள் ஒன்றுமில்லை.

இணையத்திற் கொட்டகை

இனி இரண்டாம் போர்க்களத்திற்கு வருவோம். 1997-இல் தோன்றி, படத்தட்டுகளை அஞ்சல்வழி வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2007-இல் இணையத்தின் வாயிலாகவே படங்காட்டத் தொடங்கிற்று. பழைய கம்பெனிகள் இதனை ஒரு புதிய கடையாகவே கருதித் தம் பழம்படங்களை அதற்குக் குத்தகைக்கு விட்டுப் பொருள் பெற்றன. 2013-இல் 'ஹவுஸ் ஆப் கார்ட்ஸ்' என்னும் தொடரைத் தனக்கென்றே வெளியிட்ட போதுதான், குத்தகைதாரன் தானும் பண்ணையாளனாக வருகின்றான் என்பது அவர்கட்குப் புலனாயிற்று. டிஸ்னி தன் படங்களை மீட்டுக்கொள்வதாக 2017-இல் அறிவித்தது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ், 2020-இல் எச்.பி.ஓ. மேக்ஸும் பீகாக்கும், 2021-இல் பாரமவுண்ட் பிளஸ் என ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிக் கடை விரித்தது. புத்தகமும் பிறவும் விற்றுப் பெருத்த அமேசான் நிறுவனமோ, பழம்பெரும் எம்.ஜி.எம்.மை 850 கோடி டாலருக்கு வாங்கி, 2022 மார்ச்சில் தன்னொடு சேர்த்துக்கொண்டது.

தொடர்ப்படமும் இணையச் சேவையும் ஒன்றற்கொன்று துணை. சந்தா கட்டியவன் அடுத்த திங்களும் கட்டுதல் வேண்டுமாயின், அவனுக்கு முடியாத கதையொன்று வேண்டும். ஆகவே திரையிலிருந்த வீரர்களைத் தொடர்களாக வீட்டிற்கும் அனுப்பினர். வந்தது மிகுதி, வந்ததன் சுவையோ குறைந்தது. 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்' அவ்வரிசையின் படங்கள் அனைத்தினும் குறைந்த வசூலைக் கண்டது. தேனேயாயினும் குடங்குடமாய் வார்த்தால் திகட்டாதோ?

பொருளிலும் இழப்பு நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டின் முதற்காலாண்டில் நெட்பிளிக்ஸ் இரண்டு லட்சம் சந்தாதாரரை இழந்ததாக வெளியிட்ட மறுநாளே அதன் பங்குவிலை மூன்றிலொரு பங்கிற்கு மேல் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே டிஸ்னி தன் இணையச் சேவைகளால் ஒரே காலாண்டில் 147 கோடி டாலர் இழந்தது. அதன் தலைவரும் மாற்றப்பட்டார். அதன்பின் விளம்பரங்கள் புகுந்தன, கட்டணங்கள் உயர்ந்தன, ஒருவர் சந்தாவிற் பலர் காணும் வழக்கம் தடுக்கப்பட்டது. நெட்பிளிக்ஸ் மீண்டெழுந்து 2024-ஆம் ஆண்டின் இறுதியில் 30 கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரரை எய்திற்று. ஏனையோர் ஒருவரையொருவர் விழுங்கத் தலைப்பட்டனர். 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் ஸ்கைடான்ஸோடு இணைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வார்னரை வாங்க ஒருபுறம் நெட்பிளிக்ஸும் மறுபுறம் பாரமவுண்டும் விலை கூறி நின்றன. பலர் ஓடிய பந்தயம் சிலர் ஓடும் பந்தயமாய்ச் சுருங்கி வருகின்றது.

தொடர்கதை குற்றமோ?

இவற்றைக் கண்டு, 'தொடர்ப்படமே கலைக்குக் கேடு' என்று கூறுவாருமுளர். யாம் அதற்கு உடன்படோம். சிலப்பதிகாரத்தின் கதையைத் தொடர்ந்தெழுந்த மணிமேகலையை எவரே குற்றங் கூறுவர்? ஜான் பனியன் தம் பரதேசியின் பயணத்தின் முதற்பகுதியை 1678-இலும், கிறிஸ்தியானின் மனைவி மக்கள் சென்ற பயணத்தை இரண்டாம் பகுதியாக 1684-இலும் வெளியிட்டார். அக்கதையையே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகமென்னும் தமிழ்க் காப்பியமாக்கி 1894-இல் வழங்கினார். முன்னோர் கதையைப் பின்னோர் எடுத்தாளுதலும், சொன்ன கதையைத் தொடர்ந்து சொல்லுதலும் இலக்கிய மரபிற்கு ஒத்தவையே.

எனின், வேறுபாடு யாது? மணிமேகலை துறவு பூண்டாள். கிறிஸ்தியான் ஆற்றைக் கடந்து நகரை அடைந்தான். தொடர்ந்த கதை தன் முடிவை நோக்கித் தொடர்ந்தது. முடிவு உண்டாகலின் அதன் இடையிலுள்ள ஒவ்வொரு துன்பமும் பொருள் பெற்றது. இந்நாளைத் தொடர்ப்படமோ முடிதலை அஞ்சுகின்றது. முடிந்தால் வாணிகம் நின்றுவிடும். ஆகலின் இறந்த வீரன் மீள்கின்றான். வென்ற பகை திரும்புகின்றது. இறப்பும் பிரிவும் மெய்யாக நேராத உலகில் வீரமும் அன்பும் மெய்யாக விளைதல் எங்ஙனம்? தொடர்தல் குற்றமன்று, முடிய மறுத்தலே குற்றம்.

இக்குற்றம் காண்பானையும் பற்றுகின்றது. யான் ஒருமுறை, ஓர் அத்தியாயம் மட்டும் காண்பேன் என்று விடுதியறையில் இரவு ஒன்பது மணிக்கு அமர்ந்தேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கிற்று. சிற்றுண்டிச் சாலை மணி ஒலித்தபோதுதான் பொழுது புலர்ந்தமை அறிந்தேன். அன்று தொல்காப்பிய வகுப்பில் ஆசிரியர் வினவியதற்கு விடை கூறாது நின்றேன். குற்றம் என்னுடையதே, அதனைப் பிறர்மேல் ஏற்றேன். ஆயினும், நூலொன்றை மூடிவைக்க வேண்டுவோன் ஏட்டை மூடினாற் போதும். இங்கோ நிறுத்துவதற்கே முயற்சி வேண்டும், தொடர்வதற்கு முயற்சி வேண்டா. அவ்வாறு அமைத்தவர் நம் நன்மை கருதி அமைத்தாரென்று கொள்ளுதல் அரிது.

உழைப்போர் நிலை

போட்டியின் சுமை யார் தோளில் விழுந்தது? முன்னாளில் ஒரு தொடர் தொலைக்காட்சியில் மறுமுறை காட்டப்படுந்தோறும் எழுதினோர்க்கும் நடித்தோர்க்கும் ஒரு பங்கு கிடைத்து வந்தது. வேலையற்ற திங்கள்களில் அப்பங்கே அவர்க்கு அரிசியும் வாடகையுமாயிற்று. இணையச் சேவையில் எத்தனைபேர் கண்டனரென்பதை முதலாளியே அறிவான். ஆதலின் பங்கு கேட்போர்க்குக் கணக்குத் தெரியாது. 2023 மே 2-ஆம் நாள் எழுத்தாளர் சங்கத்தார் வேலைநிறுத்தந் தொடங்கி 148 நாள் நின்றனர். நடிகர் சங்கத்தார் சூலை 14-இல் தொடங்கி 118 நாள் நின்றனர். இவ்விரு சங்கத்தாரும் ஒருங்கே வேலைநிறுத்தஞ் செய்தது 1960-க்குப் பின் அதுவே முதன்முறை. பலர் விரும்பிக் காணும் தொடர்க்கு மிகையூதியமும், பொறியறிவைக் கொண்டு எழுதுவித்தற்கும் நடிப்பித்தற்கும் சில வரம்புகளும் அவர்கள் பெற்றனர். கதையின் சுவையை நுகரும் நாம் கதைசொல்வோன் கூலியை மறத்தல் தகாது.

ஏடு எரித்தோர்

யாம் மிகப் பெரிதாகக் கருதும் தீமை இனிக் கூறுவது. தமிழ் பயிலும் மாணவர்க்கு ஏடுகள் அழிந்த கதை புதிதன்று. செல்லரித்தனவும், ஆற்றில் விட்டனவும், அடுப்பிலிட்டனவும் போக எஞ்சியவற்றை உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஊரூராய் அலைந்து காத்தனர். பேசாப் படங்களின் வரலாறும் இத்தகையதே. 1937-இல் நியூ ஜெர்சியில் பாக்ஸ் கம்பெனியின் பண்டசாலையில் நேர்ந்த தீயில் அதன் பழம்படங்களுட் பெரும்பாலன வெந்தொழிந்தன. அவை அறியாமையாலும் விபத்தாலும் நேர்ந்த இழப்புக்கள்.

இந்நாளிலோ உடையவனே அறிந்து அழிக்கின்றான். 2022 ஆகஸ்டில் வார்னர் கம்பெனியார், ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் முடிவுறும் நிலையிலிருந்த 'பேட்கேர்ள்' படத்தை வெளியிடுவதில்லையென முடிவு செய்தனர். படமாகக் காட்டுதலினும் நட்டமாகக் கணக்கெழுதுதல் ஊதியமென்று கண்டனர் போலும். 2023-இல் 'கயோட்டி வெர்சஸ் ஆக்மி' என்னும் படத்தையும் அவ்வாறே ஒதுக்கினர். அதனை 2025-இல் வேறொரு கம்பெனி வாங்கியமையால் அது பிழைத்தது. டிஸ்னியின் 'வில்லோ' தொடர் 2022 நவம்பரில் வெளியாகி, 2023 மே மாதத்தில் அச்சேவையினின்று எடுக்கப்பட்டது. அரையாண்டு வாழ்வு! அதில் உழைத்தோர் பலர். அதனை விரும்பியோர் பலர். இவ்வாறு எடுக்கப்பட்ட ஒன்றுக்குத் தட்டு இல்லை, சுருள் இல்லை எனின், மூடிய பேழையின் திறவுகோல் ஒருவன் கையிலேயே உளது.

இங்குத்தான் 1948-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைத்தல் வேண்டும். அத்தீர்ப்பின்வழி வந்த கட்டளைகளை 2020 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று நீக்கிவிட்டது. காலம் மாறிற்றென்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். கொட்டகைகளைப் பொறுத்தவரை அஃது உண்மையாகலாம். ஆயின் இணையச் சேவை புதிய கொட்டகையே. அங்கு ஆக்குவோனும் காட்டுவோனும் மீண்டும் ஒருவனேயாயினர். அன்றியும், காப்போனும் அவனேயாயினான். பழைய முதலாளி நல்ல படத்தோடு அழுகலைச் சேர்த்து விற்றான். புதிய முதலாளி விற்றதையே மீட்டு மறைக்கவும் வல்லனாயினான்.

மறுப்பும் விடையும்

'இணையச் சேவையால் விளைந்த நன்மைகளை மறந்தனையோ?' என வினவலாம். மறந்தேனல்லேன். 2021-இல் கொரிய மொழித் தொடரான 'ஸ்குவிட் கேம்' உலகின் நாற்றிசையிலும் காணப்பட்டது. 2022-இல் ஜெர்மன் மொழியில் வந்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் பிரண்ட்' போரின் கொடுமையை மாணவர் அறைவரை கொண்டுவந்து காட்டிற்று. பெருநகர்க் கொட்டகைக்குச் செல்ல இயலாத ஏழை மாணவனுக்கு இவை எட்டுதல் பெருநன்மை. புதிய கதைக்கு இன்னும் இடமுண்டு என்பதற்கும் சான்று உளது. 2021-இல் வெளியாகும் படங்களையெல்லாம் கொட்டகையிலும் இணையத்திலும் ஒரேநாளில் வெளியிடுவதென வார்னர் முடிவு செய்தபோது, அதனை வெறுத்துக் கிறிஸ்டபர் நோலன் யூனிவர்சல் கம்பெனியை அடைந்தார். அங்கு அவர் எடுத்த 'ஓப்பன்ஹைமர்' எந்தத் தொடரையும் சாராதது. மூன்று மணிநேரம் நீள்வது. 2023-இல் வெளிவந்த அப்படம் 95 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, மறு ஆண்டு ஏழு ஆஸ்கார் விருதுகளையும் பெற்றது. ஆதலின் 'மக்கள் கேட்கின்றனர், கொடுக்கின்றோம்' என்று முதலாளிகள் கூறுதல் பாதி உண்மையே. கொடுப்பதையே மக்கள் கேட்கப் பழகினர் என்பது மற்றைப் பாதி.

செய்யத்தக்கது யாது? நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படியொன்றும் சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலிய பொது நூலகங்கட்கு அனுப்பப்படல் வேண்டும். பதிப்பித்தவன் பின்னர் நூலை விற்பதை நிறுத்தலாம், நூல் மறையாது. அமெரிக்கக் காங்கிரசு நூலகமும் ஆண்டுதோறும் இருபத்தைந்து படங்களைத் தேர்ந்து பேணத்தக்கனவெனப் பட்டியலிற் சேர்க்கின்றது. ஆயின் பத்தாண்டு நிரம்பிய படமே அதற்கு உரியது. ஆறு திங்களில் மறைவது பத்தாண்டு நிரம்புவது எங்ஙனம்? ஆகவே, பொதுமக்கட்கு ஒருமுறை காட்டப்பெற்ற படமும் தொடரும் எவ்வழியே காட்டப்பெற்றனவாயினும், அவற்றின் படியொன்று பொது நிலையமொன்றிற் சேர்தல் வேண்டுமென்று எந்நாட்டரசும் விதித்தல் தகும். உரிமையும் ஊதியமும் உடையவனுக்கே ஆகுக. நினைவு மட்டும் அனைவர்க்கும் ஆகுக.

அரசு செய்வது நிற்க, நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தாலந்தைப் பெற்றவன் அதற்குக் கணக்குக் கொடுத்தல் வேண்டுமென்பதை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் அடிக்கடி கேட்கின்றோம். இக்கம்பெனிகள் எல்லாம் போட்டியிட்டு வேண்டுவது நம் பணத்தினும் நம் பொழுதையே. அப்பொழுது நம் கையிலுள்ள தாலந்து. முடிவுள்ள கதையைத் தேர்ந்து காண்போம், கண்டபின் நிறுத்துவோம், நிறுத்தியபின் அதனைப்பற்றி நண்பரோடு பேசுவோம். பேசப்பட்ட கதையை எந்த முதலாளியும் பேழையிலிட்டுப் பூட்டவியலாது.